அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

திண்டிவனத்துக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்திலிருந்து வந்த பாட்டி அவர். மஞ்சள் பையில் பேரனின் தடுப்பூசி அட்டை. பேரன் பிறந்தது ஜிப்மரில். பிறப்புச் சான்றிதழுக்காக முதலில் தன் ஊர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். "பாண்டிக்குப் போங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பாண்டியில் ஓர் அலுவலகத்தில் "இங்கே இல்லை" என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்கள். எங்கே போக வேண்டும் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஜிப்மர் இருக்கும் கோரிமேடு உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் வருகிறது, ஆகவே அங்கே பிறக்கும் குழந்தைக்குப் பதிவு உழவர்கரை நகராட்சியில். இந்த ஒரு வரிக்காக அவர் இரண்டு நாள் கூலியை இழந்திருக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ வாழ்க்கைப்பட்ட பெண், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குக் கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ போகிறாள். ஐந்தாறு மாதம் கழித்துக் குழந்தையோடு திரும்புகிறாள். கையில் சான்றிதழ் இருக்காது, வங்கியில் பணம் ஏறியிருக்காது. கேட்டால், "குழந்தை பொறந்தப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்க்கா" என்பாள்.

பார்த்துக்கொள்ள முடியாது. தாய்க்கும் சேய்க்கும் சேர வேண்டியவற்றில் பாதி, கர்ப்பத்தின் முதல் சில மாதங்களில் எழுதப்படும் தாள்களில் இருக்கிறது. நம் புதுச்சேரியில் எல்லை காலடியிலேயே கிடக்கிறது. கோரிமேடு, முள்ளோடை, கனகசெட்டிக்குளம், மதகடிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் அரை மணி நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும். அம்மா வீடு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் வேறு, பதிவேடு வேறு, திட்டம் வேறு. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவி புதுச்சேரிவாசிக்கு இல்லை. அதை நம்பி அங்கே காத்திருந்துவிட்டு, இங்கே கிடைப்பதையும் விட்டவர்கள் உண்டு.

இங்கே கிடைப்பது என்ன? மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், இரண்டு தவணையில்: முதலில் 3,000, பிறகு 2,000. இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ஒரே தவணையில் 6,000. அரசு ஊழியராக இருந்தாலோ, வேறு சட்டத்தின் கீழ் இதுபோன்ற பலனைப் பெற்றாலோ இது கிடையாது. மற்றவர்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ரேஷன் அட்டை, இ-ஷ்ரம் அட்டை, நூறு நாள் வேலை அட்டை, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் குறைவு என்ற சான்று, இப்படி ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் கொண்டு வா என்று யாராவது சொன்னால் அப்படி விதி இல்லை என்று சொல்லுங்கள்.

முதல் தவணைக்குக் கர்ப்பத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். கடைசி மாதவிலக்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரு பரிசோதனையாவது முடிந்து, அது தாய்-சேய் அட்டையில் ஏறியிருக்க வேண்டும். தனியார் டாக்டரிடம் மட்டும் காட்டிக்கொண்டிருப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஸ்கேன் கோப்பு தடிமனாக இருக்கும், அட்டை இருக்காது. எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். ஆனால் நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே உங்கள் தெரு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிறது என்று கேட்டு (லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், முத்தியால்பேட்டை, எதுவானாலும்) அங்கே செவிலியரிடம் பெயரைப் பதிந்து அட்டை வாங்குங்கள். பிறகு அங்கன்வாடியில் விண்ணப்பம் கொடுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் நீங்களே பதியவும் வழி இருக்கிறது.

இரண்டாம் தவணைக்குக் குழந்தையின் பிறப்பு பதிவாகியிருக்க வேண்டும், பதினான்காவது வாரம் வரையிலான தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். ஊசி அம்மா ஊரில் போடப்பட்டாலும் சரிதான், அட்டையில் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். அட்டையைப் புகுந்த வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போய், அங்கே புது அட்டை போட்டு, இரண்டிலும் பாதிப் பாதி இருக்கும் கதையை எத்தனை முறை பார்ப்பது! பெட்டியில் பட்டுப்புடவைக்கு முன்னால் அட்டை போக வேண்டும். அது கையிலிருந்தால் மீதித் தவணையை வேறு ஊர் அங்கன்வாடியிலும் கேட்கலாம்.

காலக்கெடு: முதல் குழந்தைக்குக் கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து 570 நாள், அதாவது குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்பதரை மாதம் ஆகும்வரை. இரண்டாவது பெண் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து 270 நாள். முதல் கர்ப்பம் கலைந்துபோனவர்கள், குழந்தை இறந்து பிறந்தவர்கள், "எங்களுக்குத்தான் ஒருமுறை முடிஞ்சுபோச்சே" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். அடுத்த கர்ப்பத்தில் அவர்களைப் புதுப் பயனாளியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி.

பணம் நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கி. கணக்கு அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் கணக்கு ஆகாது, கூட்டுக் கணக்கும் ஆகாது. ஆதாரில் அப்பாவின் இனிஷியல், பாஸ்புக்கில் கணவரின் இனிஷியல் என்றிருந்தால் முதலில் ஒன்றைத் திருத்துங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரைக் கணக்கோடு இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கோடு அப்படி இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். கல்லூரியில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் 3,000 ரூபாய் கிடக்க, அங்கன்வாடி ஊழியரைத் திட்டிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். வங்கியில் போய், "நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது?" என்று இதே சொற்களில் கேளுங்கள்.

இனி பிறப்புப் பதிவு. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதம் அவகாசம் தந்தபோது தாளின் மதிப்பை அறிந்த ஊர் இது. எத்தா சிவில் எனும் பிரெஞ்சுக் காலக் குடிமைப் பதிவேட்டில் தாத்தா பெயரின் ஓர் எழுத்துக்காக இன்றைக்கும் அலைகிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அந்த ஊரில் குழந்தையின் பதிவைத் தள்ளிப்போடுவது எனக்குப் புரியவே இல்லை.

பிறப்பு, குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவாகும், பெற்றோர் வசிக்கும் இடத்தில் அல்ல. ஆஸ்பத்திரியில் பிறந்தால் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரி. கெடு 21 நாள். 21 முதல் 30 நாள் வரை தாமதக் கட்டணம் போதும். 30 நாள் தாண்டினால் மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாவட்ட ஆட்சியரின் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவரின் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். வேறு தாளைக் காட்டித் தப்பிக்கும் காலம் போய்விட்டது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன் ஆஸ்பத்திரி நிரப்பிய படிவத்தை வாங்கிப் படியுங்கள். தாய் பெயர், தந்தை பெயர், முகவரி, எல்லாம் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா? அங்கே இரண்டு நிமிடத்தில் முடியும் திருத்தத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். பெயர் இன்னும் வைக்கவில்லை என்பதற்காகப் பதிவை நிறுத்தாதீர்கள். பெயரில்லாமலே பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பின் 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். முதல் சான்றிதழ் இலவசம்.

தமிழ்நாட்டில் பிரசவம் என்றால் கூடுதலாக ஒன்று. அங்கே பிறப்புப் பதிவுக்குக் கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் கேட்கிறார்கள். புதுச்சேரி அட்டையை மட்டும் நீட்டினால் அங்குள்ள ஊழியர் திருப்பி அனுப்பக்கூடும். அம்மா வீட்டுக்குப் போன அந்த வாரமே அவ்வூர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். பிரசவ வலியோடு எண் தேட முடியாது. மறுபடியும் சொல்கிறேன், போய்ச் சேர்ந்த அந்த வாரமே.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு வேறு உரிமை. நேரு வீதிக் கடைகளிலும் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேற்று விடுப்புக் காலச் சம்பளம் உண்டு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள் கணக்கு இருந்தால் போதும். கருச்சிதைவுக்கு ஆறு வாரம். இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால், சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் அதே 26 வாரத்தை முதலாளியே கொடுக்க வேண்டும். "குழந்தை பெத்துட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி நிறுத்துவதும் வேலைநீக்கம்தான், சட்டப்படி அது குற்றம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டுக்கொண்டாலும், கெஞ்சினாலும், போடாதீர்கள். விடுப்பு வேண்டும் என்று தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதோடு தொழிலாளர் துறைக்குப் போங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி, எல்லாம் 2011 முதல் இலவசம். குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் இலவசம். எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையானாலும் வேறு எந்த அரசு மருத்துவமனையானாலும், குழந்தையைக் காட்ட யாராவது காசு கேட்டால் தேதி, நேரம், வார்டு எழுதி மருத்துவக் கண்காணிப்பாளருக்கு மனுக் கொடுங்கள்.

மனு என்றால் எழுத்து மனு. வாயால் கேட்டதற்கு எந்த அலுவலகமும் பதில் வைத்திருக்காது. தவணை வரவில்லை என்றால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் விண்ணப்பம் யாரிடம், எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது?" என்று கேளுங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசச் சிறப்புப் பரிசோதனை நடக்கிறது. அடுத்த 9ஆம் தேதி போகும்போது ஆதார், பாஸ்புக், ரேஷன் அட்டை மூன்றையும் எடுத்துப்போங்கள். பரிசோதனை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல், அங்கேயே செவிலியரிடம் உங்கள் பெயர் எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, அந்த எண்ணை அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.