பாட்டியின் பட்டுப்புடவையில் பாப்பாவுக்குப் பாவாடை... கத்திரி வைக்கும் முன் இதைப் படிங்க!

முதல் பிறந்தநாள், மொட்டை, காதுகுத்து... குழந்தை பிறந்த வீட்டில் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள வரிசையா விசேஷம் வந்துடும். 'பாப்பாவுக்கு என்ன டிரஸ்?' என்று போனில் தேட ஆரம்பிச்சா, அடுத்த அஞ்சாவது நிமிஷம் 'பாட்டி புடவையில் பட்டுப்பாவாடை' வீடியோ ஒண்ணு கண்ணில் பட்டுவிடும். முப்பது செகண்டில் புடவை பாவாடையாகி, குழந்தையும் சிரிச்சிடும். பார்க்கவே ஆசையா இருக்கும்.

ஆனால் அந்த முப்பது செகண்டில் வராத விஷயம் ஒண்ணு இருக்கு. பழைய பட்டில் ஒரு தடவை கத்திரி வெச்சா வெச்சதுதான். திரும்பப் போய் அதே புடவையை வாங்க முடியாது. அதனால எப்படித் தைக்கிறது என்பதைவிட, எதை வெட்டலாம், எங்கே வெட்டலாம் என்பதுதான் முதல் கேள்வி.

'அப்படின்னா பீரோவுலயே பத்திரமா இருக்கட்டும்' என்கிறீங்களா? அங்கேயும் அது பத்திரமா இல்லைங்க. பட்டு என்பது புரத இழை. வெளிச்சம், வியர்வை, ஈரம் எல்லாமே அதைப் பலவீனமாக்கும். வருஷக்கணக்கா ஒரே மடிப்பில் வெச்சிருந்தால், அந்த மடிப்புக் கோட்டிலேயே இழை உடைய ஆரம்பிக்கும். கனமான ஜரிகை இருந்தால் இன்னும் சீக்கிரம். பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பார்த்தா, மடிப்பு மடிப்பா கிழிஞ்சிருக்கும். அப்புறம் பழைய பட்டுப்புடவை எடுக்கிறவரிடம் போட வேண்டியதுதான். அவர் கொடுக்கிற காசும் பெரும்பாலும் ஜரிகையில் இருக்கிற வெள்ளிக்குத்தான். உங்க பாட்டி கட்டின புடவைக்கு இல்லை.

ஆக, சரியான நேரத்தில், சரியான இடத்தில் வெட்டினால் அந்தப் புடவைக்கு இன்னொரு ஆயுசு கிடைக்கும். எப்படின்னு பார்க்கலாம்.

முதலில் கேளுங்க

புடவை யாருடையதோ, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கூறைப்புடவையை வெட்டவே கூடாதுன்னு நினைக்கிற வீடுகள் நிறைய. அம்மாவோ, மாமியாரோ, பாட்டியோ 'வேணாம்மா' என்று சொன்னா, அதோட விட்டுட்டு வேற புடவை தேடுங்க. 'சரி' என்று சொன்னா, வெட்டுறதுக்கு முன்னாடி புடவையை முழுசா விரிச்சு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அவங்களே அதைக் கட்டிக்கிட்டு நிற்கிற மாதிரி எடுத்தா இன்னும் நல்லது.

அந்துருண்டை வாசனை... அலட்சியம் வேணாம்

பழைய புடவை என்றாலே அந்துருண்டை வாசனைதான் ஞாபகம் வரும். நமக்கு அது வெறும் வாசனை. கைக்குழந்தைக்கு அப்படியில்லை. அந்துருண்டையில் இருக்கிற நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அந்தக் குறைபாடு தன் குழந்தைக்கு இருக்கான்னு பல பெற்றோருக்குத் தெரிஞ்சிருக்காது. அதனால வாசனை சுத்தமா போகும் வரை, புடவையை வெயில் படாத, காற்று வர்ற இடத்தில் பல நாள் உலரவிடுங்க. தேவைப்பட்டால் ட்ரை வாஷ் கொடுத்துட்டு மறுபடியும் காற்றில் போடுங்க. வாசனை மிச்சம் இருக்கிற துணியைக் குழந்தைக்குப் போடவே வேண்டாம்.

புடவைக்கு ஒரு ஹெல்த் செக்கப்

இதுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஜன்னல் வெளிச்சமும் உங்க ரெண்டு கையும் போதும்.

முதலில் வெளிச்ச சோதனை. புடவையை ஜன்னலுக்கு நேரா பிடிச்சு, அரை மீட்டர் அரை மீட்டரா நகர்த்திப் பாருங்க. ஊசி ஓட்டை, இழை விலகல், மடிப்புக் கோட்டில் கீறல் எல்லாம் பளிச்சென்று தெரியும். தெரியும் இடத்தில் எல்லாம் ஒரு வெள்ளை நூலால் தளர்வா ஒரு தையல் போட்டு அடையாளம் வெச்சுக்கோங்க. பேனா, ஸ்கெட்ச் எதுவும் வேண்டாம்.

அடுத்தது இழுவை சோதனை. ரெண்டு கையாலயும் நாலு இஞ்ச் இடைவெளியில் துணியைப் பிடிச்சு, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெதுவா இழுத்துப் பாருங்க. 'சர்'ரென்று சத்தம் வந்தாலோ, இழை நெகிழ்ந்தாலோ அந்தப் பகுதி உடையாகத் தாங்காது.

காஞ்சிபுரம் பட்டு என்றால் பார்டர் உடலோடு சேரும் கோட்டையும் தனியா கவனிக்கணும். கோர்வைப் புடவையில் உடலுக்கும் பார்டருக்கும் தனித்தனி நாடாவில் ஊடுநூல் ஓட்டி, ரெண்டையும் ஒண்ணோடொண்ணு கோர்த்து நெய்வாங்க. கையால் நெய்யும்போது நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார வேண்டிய வேலை அது. பழைய புடவையில் அந்தக் கோர்த்த இடம் தளர்ந்திருக்கலாம்.

இப்போ முடிவு எடுக்கலாம். எல்லா இடமும் உறுதியா இருந்தால் பாவாடை தைக்கலாம். உடல் நைஞ்சு, பார்டர் மட்டும் நல்லா இருந்தால், பார்டரை எடுத்துப் புதுத் துணியில் வெச்சுத் தைக்கலாம். ரெண்டுமே நைஞ்சிருந்தால், நல்லா இருக்கிற துண்டுகளில் மட்டும் பின்னால் காட்டன் வெச்சு சுருக்குப்பை தைக்கலாம். மூணுமே நல்ல முடிவுதான்.

எந்தப் பக்கம் வெட்டுறது?

புடவை சுமார் அஞ்சரை மீட்டர் நீளம், 46-லிருந்து 48 இஞ்ச் அகலம். ஒரு வயசுப் பாப்பா பாவாடைக்கு ஒன்றரை மீட்டர் நீளம் போதும். அந்த ஒன்றரை மீட்டரை முந்தியிலிருந்து எடுக்காதீங்க. இடுப்பில் செருகும் உள் முனைப் பக்கம் நல்லா இருந்தால் அங்கிருந்து எடுங்க. மீதி கிட்டத்தட்ட நாலு மீட்டர் முந்தியோட முழுசா இருக்கும். அதை நீங்களே துப்பட்டாவா போட்டுக்கலாம்.

அகலத்தில் ஒரு கணக்கு இருக்கு. பாவாடையின் உயரம் 16 இஞ்ச் என்று வெச்சுக்குவோம். மேலே தையலுக்கு 1 இஞ்ச், டக் பிடிக்க 4 இஞ்ச், மொத்தம் 21. கீழே புடவையின் பார்டரே வந்துவிடுவதால் மடிச்சு அடிக்க வேண்டியதில்லை. ரெண்டு பக்கமும் பார்டர் இருக்கிற புடவையில் ரெண்டு 21 இஞ்ச் பட்டைகள் கிடைக்கும். ஒண்ணு உங்க பாப்பாவுக்கு, இன்னொண்ணு அக்கா பாப்பாவுக்கு. நடுவில் நாலைஞ்சு இஞ்ச் பட்டை மிச்சம். அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கடைசியில் வேலை இருக்கு.

ஒரு எச்சரிக்கை: மயில், யானை மாதிரி தலை உள்ள டிசைன் என்றால், ரெண்டாவது பட்டையைத் திருப்பும்போது மயில் தலைகீழா நிற்கலாம். வெட்டும் முன் துணியை மடிச்சுப் பார்த்துடுங்க.

இழுவையைக் காட்டன் தாங்கட்டும்

பழைய பட்டில் தைக்கிற எல்லாருக்கும் ஒரே ரகசியம்தான். குழந்தை தவழும், உட்காரும், பாவாடையை மிதிச்சுக்கிட்டு எழுந்திருக்கும். அந்த இழுவை எல்லாம் புதுக் காட்டன் மேல் விழணும், பட்டு அதன் மேல் அழகா படிஞ்சிருந்தா போதும்.

அதுக்கு 'பாடி' வெச்ச பாவாடைதான் சரி. சின்னக் குழந்தைக்கு இடுப்பே கிடையாது. நாடா கட்டினா நழுவும், இறுக்கிக் கட்டினா அழும். கையில்லாத காட்டன் பாடி தைச்சு, அதில் பாவாடையை இணைச்சுட்டா எடை முழுக்கத் தோளில் நிற்கும். உள்ளே முழு நீளத்துக்கு மெல்லிய காட்டன் லைனிங் கொடுங்க. ஜரிகையின் பின்பக்கம் காலில் உரசாது. காட்டன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வெச்சு, காய வெச்சு, அப்புறம்தான் வெட்டணும். இல்லாட்டி முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, பட்டு தொங்கும்.

இடுப்பில் கத்தி மாதிரி மடிப்பு வேண்டாம், சுருக்கம் வைங்க. அழுத்தி இஸ்திரி போட்ட மடிப்பில்தான் பட்டு முதலில் உடையும் என்று பார்த்தோமே! தையல் மெஷினில் தடிமனான 16-ம் நம்பர் ஊசி இருந்தால் கழற்றிட்டு, 11-ம் நம்பர் புது ஊசி போடுங்க. குண்டூசி குத்துறதும் தையல் விளிம்புக்குள்ளேயே இருக்கட்டும், பட்டில் விழுந்த ஓட்டை மறையாது. இஸ்திரிக்குக் குறைந்த சூடு, மேலே ஒரு வெள்ளைத் துணி.

கையே நடுங்குதா? முதலில் பழைய வேட்டியில் ஒண்ணு தைச்சுப் போட்டுப் பாருங்க. தப்பெல்லாம் வேட்டியோட போகட்டும்.

முதுகுப் பக்கம் திறப்பு ஏன்?

ஒரு வயசுக் குழந்தைக்குத் தலைச் சுற்றளவும் மார்புச் சுற்றளவும் ஏறக்குறைய ஒண்ணுதான், சுமார் 18 இஞ்ச். கழுத்து சின்னதா இருந்தா தலை நுழையாது. பெருசா வெட்டினா தோளிலிருந்து இறங்கும். காதுகுத்து என்றால் இன்னொரு சிக்கல்: புதுசா குத்தின காது மேல உரசிக்கிட்டு சட்டையைக் கழட்டினா பாப்பா வீட்டையே ரெண்டாக்கிடும். அதனால பாடிக்கும் மேல் சட்டைக்கும் முதுகில் மேலிருந்து கீழ் வரை திறப்பு வைங்க.

மூடுவதற்கு மூணு பிரஸ் பட்டன். இழுத்தாலும் வராத அளவுக்கு உறுதியா தைக்கணும். முத்து, மணி, கல், குஞ்சலம் எதுவும் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம். கைக்கு எட்டினா அடுத்தது வாய்தான். கழுத்தில் கட்டுற கயிறும், சேஃப்டி பின்னும் கூடவே கூடாது.

டக்: வளரும் பாவாடையின் ரகசியம்

பட்டுப்பாவாடையில் பார்டருக்கு மேல வரிவரியா மடிச்சுத் தைச்சிருப்பாங்களே, அது வெறும் அழகுக்கு இல்லை. ரெண்டாவது வயசில் குழந்தை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் உயரும். ஆனால் மார்புச் சுற்றளவு ஓர் இஞ்ச் போலத்தான் கூடும். அதாவது பாவாடை முதலில் குட்டையாகத்தான் போகும், இறுக்கமாகாது. அந்தக் குட்டையைச் சமாளிக்கத்தான் டக்.

ஓர் இஞ்ச் ஆழத்தில் ஒரு டக் பிடிச்சா, அது 2 இஞ்ச் துணியை உள்ளே வாங்கிக்கும். ரெண்டு டக், 4 இஞ்ச். அடுத்த வருஷம் ஒண்ணைப் பிரிங்க, அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு. லைனிங்கையும் அதே மாதிரி டக் வெச்சோ, கீழே அகலமா மடிச்சோ தைக்கணும், மறந்துடாதீங்க. பாடியின் ரெண்டு பக்கவாட்டிலும் ஓர் இஞ்ச் துணி உள்ளே விட்டுட்டா ஒரே பாவாடை மூணு பிறந்தநாள் பார்க்கும்.

டக்கை மெஷினில் போடாம, மெல்லிய ஊசியால் கைத்தையலா போட்டால் பிரிக்கும்போது ஓட்டை அவ்வளவா தெரியாது. அப்பவும் கோடு தெரிஞ்சா மேலே ஒரு மெல்லிய ஜரிகை லேஸ் ஓட்டிடலாம்.

மிச்சத் துணியில் மொத்தக் குடும்பம்

விசேஷத்துக்கு எல்லாரும் ஒரே கலரில் புதுசு எடுக்கிறது இப்போ டிரெண்ட். அதுக்குப் பதிலா ஒரே புடவையைப் பகிர்ந்துக்கலாமே! மிஞ்சிய துண்டில் அப்பாவின் குர்தா பாக்கெட்டுக்கு ஒரு பட்டி, அம்மாவின் ஜாக்கெட் கைக்கு ஒரு கரை.

தாம்பூலத்துக்குச் சுருக்குப்பை வேணுமா? நடுவில் மிஞ்சிய பட்டையை 14 இஞ்ச் நீளத்துக்கு வெட்டி, காட்டன் லைனிங்கோட ரெண்டா மடிச்சுப் பக்கங்களைத் தைங்க. மேலே கயிறு ஓட ஓர் இஞ்ச் விட்டா 6 இஞ்ச் உயரத்தில் அடக்கமான பை ரெடி. ஒன்றரை மீட்டர் பட்டையில் நாலு பை வரும். மெஷின் இல்லாதவங்க, முதன்முதலா ஊசி பிடிக்கிறவங்க இதிலிருந்தே தொடங்கலாம்.

மூணு வாரம் கையில் இருக்கட்டும்

புடவையை உலர விடுறதும், சோதனையும், அளவும் முதல் வாரம். வேட்டியில் மாதிரி தைச்சுப் பார்த்துட்டு, பட்டை வெட்டுறது ரெண்டாவது வாரம். தைக்கிறது மூணாவது வாரம். விசேஷத்துக்கு மூணு நாள் முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாருங்க. தைக்கத் தெரியாதா? டெய்லர்கிட்ட கொடுக்கும்போது நாலே விஷயம் சொல்லுங்க: முழு காட்டன் லைனிங், முதுகுத் திறப்பு, ரெண்டு டக், பக்கவாட்டில் ஓர் இஞ்ச்.

எல்லாம் முடிஞ்சதும், பாடியின் உள்பக்கம் ஒரு சின்ன காட்டன் துண்டில் புடவை யாருடையது, எந்த வருஷம் எடுத்தது, யாருக்குத் தைச்சது என்று கலர் நூலால் எழுதித் தைச்சு விடுங்க. மூணாவது பிறந்தநாள் முடிஞ்சு, அந்தப் பாவாடை அடுத்த வீட்டுப் பாப்பாவுக்குப் போகும்போது, அந்தப் பேரும் கூடவே போகும்.