தொழில்முறை மற்போரும் திரைப்படச் சண்டைக் கலைஞர்களும்

தொழில்முறை மற்போர் (மல்யுத்தம்) என்பது முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டு, பார்வையாளர் முன்னிலையில் நிகழ்த்தப்படும் விளையாட்டுக் காட்சி ஆகும். திரைப்படச் சண்டையும் ஒத்திகை பார்த்து அமைக்கப்படுவதால், தற்காப்புக் கலை நடிகர்கள் மற்போர் மேடையிலும் வென்றிருப்பார்களா என்ற வினா எழுகிறது.

திரைப்படத்தில் ஒரு காட்சியைப் பலமுறை படமாக்கலாம். சண்டைக் கலைஞர் ஒருவர் நடிகருக்குப் பதிலாக நடிக்கலாம். படத்தொகுப்பின் மூலம் வேகத்தைக் கூட்டலாம். மற்போர் மேடையில் இவற்றுக்கு இடமில்லை. எதிராளியைக் காயப்படுத்தாமல் தூக்கி வீசவும், தாம் பாதுகாப்பாக விழவும் வீரர் பயின்றிருத்தல் வேண்டும். குத்தும் உதையும் முதன்மையான கலைகளில் தேர்ந்தவர் இவற்றைப் புதிதாகக் கற்க நேரிடும். புரூஸ் லீயே, 1966-67இல் ஒளிபரப்பான 'தி கிரீன் ஹார்னெட்' தொடரில் நடித்தபோது, யூடோ வீரரும் தொழில்முறை மற்போர் வீரருமான ஜீன் லெபெலுடன் பயிற்சி செய்தார்.

இந்தியாவில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு எதிர்த்திசையில் அமைந்தது. பஞ்சாபைச் சேர்ந்த தாரா சிங் (1928–2012) மற்போரில் பெயர்பெற்ற பின்னரே 'கிங் காங்' (1962) திரைப்படத்தின் நாயகனானார். 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்றார். பின்னர் 'இராமாயணம்' தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்தார். மேடையில் பெற்ற உடற்பயிற்சியும் கூட்டத்தைக் கவரும் திறனும் திரைக்கு உதவின. திரைப்புகழ் மட்டும் மேடைப் பயிற்சிக்கு ஈடாகாது.