பாவித்த குழந்தை ஆசனம்: விளம்பரப் படம் கூறாதவை

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் வாகனத்தின் முன்னாசனத்தில் அமர்வதே எமது நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். 2011 ஆம் ஆண்டு தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னர் மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது சாதாரண குடும்பப் பயணத்தின் வேகமாகிவிட்டது. மடியை நம்பும் வழக்கம் மட்டும் அதே அளவுக்கு மாறவில்லை. எனினும், குழந்தைகளுக்கான பாதுகாப்பு ஆசனத்தைத் தேடும் இளம் பெற்றோரும் இருக்கின்றனர். புதியதன் விலையைக் கேட்டுத் திகைத்தவர்கள், இணையத்தில் பாவித்த பொருட்கள் விற்கப்படும் பக்கங்களை நாடுகின்றனர்.

மடி ஏன் போதாது என்பதைச் சிறு கணக்கொன்று உணர்த்தும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் மோதி, அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிடுமாயின், உள்ளே இருப்பவரின் நிறையைப் போன்று ஏறத்தாழ 20 மடங்கு விசை அவரைத் தாக்கும். 10 கிலோ நிறையுள்ள குழந்தையைப் பிடித்து வைத்திருக்க வேண்டுமெனில், 200 கிலோ சுமையைத் தாங்கும் வலிமை தாயின் கைகளுக்கு இருக்க வேண்டும். அது எவராலும் இயலாது. முறையாகப் பொருத்தப்பட்ட ஆசனம், கார்களில் பயணிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரண ஆபத்தை 71 சதவீதத்தாலும், ஒன்று முதல் நான்கு வயது வரையானோரின் ஆபத்தை 54 சதவீதத்தாலும் குறைப்பதாக அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணித்துள்ளது.

எனவே, பாவித்த ஆசனத்தை வாங்கவே கூடாது என்று அறிவுரை கூறுவோர் எமது பெற்றோரின் வருமானத்தை அறியாதவர்கள் என்றே கூறவேண்டும். ஆனால் தொட்டிலையோ தள்ளுவண்டியையோ பார்த்து மதிப்பிடுவதைப் போல இதனை மதிப்பிட முடியாது. ஆசனத்தின் பிளாஸ்டிக் கூடும், துணியுறைக்கு அடியிலுள்ள ரெஜிபோமும் மோதலின் விசையைத் தாம் வாங்கிக்கொள்வதற்காகவே அமைக்கப்பட்டவை. ஒரு விபத்தில் அந்த வேலையைச் செய்து முடித்த ஆசனம், அடுத்த விபத்தில் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. உள்ளே ஏற்பட்ட மயிரிழை வெடிப்பைப் புதிய உறை மறைத்துவிடும். விளம்பரத்திலுள்ள அழகிய படம் இதனைக் காட்டப்போவதில்லை.

ஆகையால் ஆசனத்தின் வரலாற்றையே முதலில் விசாரிக்க வேண்டும். "விபத்தில் சிக்கியதா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலே கிடைக்கும். அதனை எப்போது, எங்கே வாங்கினீர்கள், எந்த வாகனத்தில் பொருத்தியிருந்தீர்கள், உங்களுக்கு முன்னர் வேறெவரும் பாவித்தார்களா என்று கேட்பதே பயன் தரும். இங்கு இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ டோஹாவிலிருந்தோ உறவினரின் பொதிகளோடு வந்துசேர்ந்த ஆசனத்தை விற்பவர், அதன் கடந்த காலத்தை உண்மையிலேயே அறியாதவராக இருக்கலாம். அவர் பொய் கூறவில்லை என்பதால் ஆசனம் நல்லதாகிவிடாது. வரலாறு தெரியாத ஆசனத்தைத் தவிர்ப்பதே நன்று.

மேலே குறிப்பிட்ட அமெரிக்க நிர்வாகம் சிறு விபத்துக்கு மட்டும் விலக்களிக்கின்றது. வாகனம் ஓட்டக்கூடிய நிலையில் இருந்திருக்க வேண்டும். ஆசனத்துக்கு அருகிலுள்ள கதவு சேதமடைந்திருக்கக் கூடாது. எவரும் காயமடைந்திருக்கக் கூடாது. எயார்பேக் எனப்படும் காற்றுப்பை விரிந்திருக்கக் கூடாது. ஆசனத்தில் கண்ணுக்குத் தெரியும் சேதமும் இருக்கக் கூடாது. இவ்வைந்தில் ஒன்று தவறினாலும் அந்த ஆசனத்தை மீண்டும் பாவிக்கலாகாது.

அடுத்ததாக, ஆசனத்தில் ஒட்டப்பட்டுள்ள சான்றுச் சிட்டையின் தெளிவான படத்தை அனுப்புமாறு கோர வேண்டும். ஐக்கிய நாடுகளின் ஒழுங்குவிதிக்கு அமைவானதாயின், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், அங்கீகரித்த நாட்டுக்குரிய இலக்கமும் காணப்படும். பிரித்தானியாவுக்கு 11, ஜப்பானுக்கு 43. 2013 இல் நடைமுறைக்கு வந்த 129 ஆம் இலக்க ஒழுங்குவிதியே புதியது. அதற்கு முந்திய 44 ஆம் இலக்க விதியின் கீழ் வந்ததாயின், அங்கீகார எண் 04 அல்லது 03 எனத் தொடங்க வேண்டும். 01, 02 எனத் தொடங்குபவை மிகப் பழையவை. வட அமெரிக்க ஆசனங்களில் 'ஈ' அடையாளம் இராது. ஆனால் தயாரித்த திகதியும் காலாவதித் திகதியும் சிட்டையிலோ அடிப்பாகத்திலோ பொதுவாகக் காணப்படும். ஆறு முதல் பத்து ஆண்டுகள் வரையே அவற்றின் ஆயுட்காலமாகும். சிட்டை கிழிக்கப்பட்டிருந்தால் பேச்சுவார்த்தையை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

சிட்டையிலுள்ள மாதிரி இலக்கம் வேறொன்றுக்கும் உதவும். 2014 இல் கிராகோ நிறுவனம், பட்டியைப் பிணைக்கும் கொக்கி இறுகி, அவசர வேளையில் திறக்க முடியாமற் போகும் குறைபாட்டினால் பல இலட்சக்கணக்கான ஆசனங்கள் தொடர்பில் மீளழைப்பு அறிவித்தல் விடுத்தது. அவ்வாறான அறிவித்தல்களைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் சில நிமிடங்களில் தேடிப் பார்த்துவிடலாம்.

முற்பணம் கேட்போருக்கு வங்கிக் கணக்கில் பணம் இடாமல், சொந்த வாகனத்துடன் நேரில் செல்வதே உசிதமானது. ஏமாற்றைத் தவிர்ப்பது மட்டும் இதன் நோக்கமல்ல. ஐசோபிக்ஸ் ஆசனத்துக்கு வாகனத்திலேயே உலோகப் பிடிகள் இருக்க வேண்டும். எமது வீதிகளில் ஓடும் பழைய ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் அவை இல்லை. பழைய வான்களின் பின்னாசனங்களில் இடுப்புப் பட்டி மட்டுமே இருப்பதும் உண்டு. தோளையும் குறுக்காகப் பிடிக்கும் பட்டி தேவைப்படும் ஆசனத்தை அங்கு பொருத்த இயலாது. உறையைக் கழற்றி ரெஜிபோமைப் பாருங்கள். கொக்கியைப் பல தடவை பூட்டித் திறந்து பாருங்கள். பட்டியில் நூல் பிரிந்திருப்பினும், வெளிற்றும் திரவம் பட்டு நிறம் மங்கியிருப்பினும் வாங்க வேண்டாம். பொருத்தும் விதத்தை விளக்கும் கைநூல் இல்லாவிடின் அதனைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து முன்கூட்டியே பெற்றுக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஆசனத்தைப் பின்னாசனத்திலேயே பொருத்த வேண்டும். பின்னோக்கி அமரும் குழந்தை ஆசனத்தை, காற்றுப்பை இயங்கும் முன்னாசனத்தில் வைப்பது உயிராபத்தானது. விரியும் பை நேரே குழந்தையின் தலைப்பக்கத்தையே தாக்கும். 129 ஆம் இலக்க விதியின்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். முன்னால் பார்க்க ஆசைப்படுகின்றது என்பதற்காக முன்கூட்டியே திருப்பிவிடும் பெற்றோர், பாரமான தலையைத் தாங்க அதன் கழுத்து இன்னும் வலுப்பெறவில்லை என்பதைக் கருத்திற் கொள்வதில்லை.

உங்கள் வீட்டிலேயே காலாவதியான அல்லது விபத்துக்குள்ளான ஆசனம் இருக்குமாயின், அதனை வீதியோரத்தில் வைக்கும் முன்னர் பட்டிகளைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். இல்லாவிடின் அது துடைத்தெடுக்கப்பட்டு, மற்றொரு விளம்பரத்தில் "நல்ல நிலையில்" என்ற வாசகத்துடன் வந்து நிற்கக்கூடும்.