ஹார்ட் டிஸ்க் மாத்துறது அரை மணி நேரம், அதுக்கு அப்புறம்?

இன்னைக்கு எபிசோட்ல லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பத்திப் பேசப்போறோம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற பகுதி இதுல கொஞ்சம்தான். பழைய டிஸ்க்ல இருந்தது எப்படி புது டிஸ்க்குக்கு வந்து சேருது, எந்த இடத்துல வராம நின்னுபோகுது, அதைத்தான் அதிகமா பேசப்போறேன். உங்க லேப்டாப் புதுசு, அதுல எஸ்எஸ்டிதான் இருக்குன்னாலும் கேளுங்க. எஸ்எஸ்டி பெரும்பாலும் சத்தமே போடாம ஒரு நாள் செத்துப்போயிடும். ஹார்ட் டிஸ்க்காவது கொஞ்ச நாள் அழுதுட்டுப் போகும்.

அந்த அழுகை என்னன்னு முதல்ல பாக்கலாம். ஹார்ட் டிஸ்க்குள்ள ஒரு தட்டு சுத்துது. லேப்டாப்ல பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து. அதுக்கு மேல ஒரு ஹெட், தட்டைத் தொடாம, காத்துல மிதக்குது. தலைமுடியோட தடிமனை விடப் பல ஆயிரம் மடங்கு சின்ன இடைவெளி அது. ஹெட்டால தன்னோட இடத்தைக் கண்டுபிடிக்க முடியலன்னா, ஆரம்ப இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி முயற்சி பண்ணும். அப்ப வர்றதுதான் அந்த ‘டிக்... டிக்...’ சத்தம். அது கேட்டுச்சுன்னா கணக்கு நாள்ல இல்ல, மணி நேரத்துல போடணும்.

சத்தம் வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கு. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னோட உடம்பு நிலையைத் தானே குறிச்சு வச்சுக்கும், அதுக்குப் பேரு ஸ்மார்ட். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் போட்டா அதைப் படிச்சுக் காட்டும். அதுல ரெண்டு வரி போதும். ஒண்ணு, ‘ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்’: கெட்டுப்போனதால டிஸ்க்கே ஒதுக்கிவச்சுட்ட இடங்கள். இன்னொண்ணு, ‘கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ்’: படிக்க முயற்சி பண்ணி முடியாம நிக்குற இடங்கள். ரெண்டாவது எண் ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கை நம்பாதீங்க. ஒரு சின்ன விஷயம், அந்த சாஃப்ட்வேர் எண்களை வழக்கமா ஹெக்ஸாடெசிமல்ல காட்டும். 2ஏ-ன்னு இருந்தா 42-ன்னு அர்த்தம். எரர் கோடுன்னு நினைச்சு நிறைய பேர் பயந்துடுறாங்க.

இப்ப ஒரு நிஜக் கேஸ். எங்க அபார்ட்மெண்ட்ல மேல் மாடியில ஒரு அக்கா இருக்காங்க. வீட்டுல இருந்தே ஒன்பது கடைக்குக் கணக்கு எழுதுறாங்க. மளிகை, ஹார்டுவேர், ஒரு மெடிக்கல் ஷாப், இப்படி. எல்லாம் டேலிலதான். ஜூலை 14ஆம் தேதி ராத்திரி போன் பண்ணி, “தம்பி, லேப்டாப் டிக் டிக்குங்குது, ஆன் ஆக இருபது நிமிஷம் ஆகுது, 20ஆம் தேதிக்குள்ள எல்லா கடைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடணும்”னாங்க. நான் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, பேக்கப் இருக்கா?” “இருக்குப்பா, ஒன்டிரைவ்ல எல்லாம் ஏறிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு இமேஜ் கூட இருக்கு”ன்னாங்க.

கேக்க நல்லா இருந்துச்சு. ஆனா இதுல மூணு வேற வேற விஷயம் கலந்திருக்கு. பேக்கப்ங்கிற ஒரே வார்த்தையில இந்த மூணையும் போட்டு நாம குழப்பிக்கிறோம்.

ஃபைல் காப்பிங்கிறது உங்க போட்டோ, டாக்குமெண்ட் மாதிரி ஃபைல்கள் மட்டும். விண்டோஸ் அதுல வராது, இன்ஸ்டால் பண்ணின சாஃப்ட்வேரும் வராது. சிஸ்டம் இமேஜ்ங்கிறது மொத்த டிஸ்க்கையும் ஒரு நாள்ல அப்படியே உறைய வச்ச மாதிரி. விண்டோஸ், பிரிண்டர் செட்டிங், சாஃப்ட்வேர் எல்லாம் அதுல இருக்கும், ஆனா அந்தத் தேதியோட நிக்கும். குளோன்ங்கிறது பழைய டிஸ்க்குல இருந்து புது டிஸ்க்குக்கு நேரா ஊத்துறது. டிஸ்க் ஆரோக்கியமா இருக்கும்போது குளோன்தான் சுலபம். சாகுற டிஸ்க்கை விண்டோஸ்ல வச்சு குளோன் பண்றது எனக்குப் பிடிக்காது. உங்களுக்குத் தேவையே இல்லாத ஐம்பது ஜிபியைப் படிச்சுக்கிட்டிருக்கும்போது, தேவையான ஐம்பது எம்பியைப் படிக்கிறதுக்குள்ள ஹெட் போயிடலாம்.

அக்காவோட ஒன்டிரைவை என் போன்ல திறந்து பாத்தோம். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் இந்த மூணும் பத்திரமா இருக்கு. டேலி டேட்டா இல்ல. ஏன்னா ஒன்டிரைவோட ஃபோல்டர் பேக்கப் இந்த மாதிரி குறிப்பிட்ட சில ஃபோல்டர்களைத்தான் எடுத்துக்கும். டேலி தன்னோட டேட்டாவை வேற இடத்துல, எண்களையே பேரா வச்ச ஃபோல்டர்கள்ல வச்சுக்குது. ஒரு கடைக்கு ஒரு ஃபோல்டர். பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழா போட்டோ மொத்தமும் கிளவுட்ல இருக்கு, ஒன்பது கடையோட கணக்கு மட்டும் இல்ல. இமேஜ் எடுத்தது எப்பன்னு பாத்தா, 14 மாசத்துக்கு முன்னாடி.

அதனால முதல் வேலை, லேப்டாப்பை ஆஃப் பண்றது. விண்டோஸ் ஆன் ஆகுற ஒவ்வொரு தடவையும் அந்த டிஸ்க்ல ஆயிரக்கணக்குல படிக்குது, எழுதுது. ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’னு விண்டோஸ் கேக்கும், செக்டிஸ்க் ஓட்டலாமான்னு தோணும். வேண்டாம். ஃபைல் அமைப்பு குழம்பியிருந்தா அது மருந்து. டிஸ்க்கே உடம்பால கெட்டுட்டு வரும்போது, மூச்சு வாங்குற ஆளை மாடிப்படி ஏறச் சொல்ற மாதிரி. ஃப்ரீசர்ல வைக்கிறது, தட்டிப் பாக்குறது, இதெல்லாமும் வேண்டாம். உள்ள ஈரம் கட்டினா பின்னாடி டேட்டா ரெகவரி லேப்காரங்களுக்கும் வேலை கஷ்டமாகும். இருக்குறது ஒரே காப்பி, அது கோடி ரூபாய் விஷயம்னா, வீட்டுல எதுவுமே பண்ணாம நேரா லேப்புக்குப் போறதுதான் சரி.

நாங்க ஒரு பென் டிரைவ்ல உபுண்டு போட்டு, அதுல இருந்து லேப்டாப்பை ஆன் பண்ணினோம். அப்ப பழைய டிஸ்க்ல விண்டோஸ் ஓடாது, நமக்கு வேணும்ங்கிறதை மட்டும் படிக்கலாம். டேலி ஃபோல்டர் மொத்தமே ரெண்டு ஜிபிக்குள்ளதான். எட்டு கடை முழுசா வந்துச்சு. ஒன்பதாவது, அந்த ஹார்டுவேர் கடை, ஒரு ஃபைல்ல போய் எரர் அடிச்சு நின்னுடுச்சு.

அதுக்கு அப்புறம்தான் மொத்த டிஸ்க்கையும் எடுக்க ஆரம்பிச்சோம். லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு கருவி இருக்கு. நல்லா படிக்க வர்ற இடங்களை முதல்ல வேகமா எடுத்துக்கிட்டு, அடம்பிடிக்கிற இடங்களைக் குறிச்சு வச்சுட்டு, அப்புறமா திரும்பி வந்து மெதுவா முயற்சி பண்ணும். எங்க நிறுத்தினோம்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வைக்கிறதால, நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். ராத்திரி முழுக்க ஓடுச்சு. காலையில டிஸ்க்ல பெரும்பகுதி கைக்கு வந்திருந்தது. ஹார்டுவேர் கடை ஃபைலோட அந்தப் பகுதி மட்டும் வரல.

ஒண்ணு சொல்லிடுறேன். இதெல்லாம் நடந்ததுக்குக் காரணம் அந்த டிஸ்க்ல பிட்லாக்கர் இல்ல. இப்ப வர்ற விண்டோஸ் 11 லேப்டாப்கள்ல, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணினாலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகிடுறது சகஜம். அப்ப வெளியில இருந்து படிக்க 48 இலக்க ரெகவரி கீ வேணும். பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே சேவ் ஆகியிருக்கும். இன்னைக்கே ஒரு தடவை லாகின் பண்ணி இருக்கான்னு பாத்து, பேப்பர்ல எழுதி வைங்க. அந்த லேப்டாப்லயே நோட்பேட்ல எழுதி வைக்கிறது சாவியைப் பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுற வேலை.

அடுத்து புது டிரைவ். அக்கா எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியே ஒரு கடையில சொல்லி ஒரு எஸ்எஸ்டி வாங்கி வச்சிருந்தாங்க. 2.5 இன்ச், சாட்டா, 480 ஜிபி. அளவும் கனெக்டரும் சரி. பழைய டிஸ்க் 500 ஜிபி, அதுல பயன்படுத்தியிருந்தது 130தான், தாராளமா பத்தும்னு யாருக்கும் தோணும். ஆனா விண்டோஸோட சிஸ்டம் இமேஜ் ரெஸ்டோர் உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்காது. புது டிஸ்க் பழைய டிஸ்க்கை விடச் சின்னதா இருந்தா, இதுல முடியாதுன்னு சொல்லிடும். அந்த எரரைப் படிச்சா காரணமும் புரியாது, ‘பொருத்தமான டிஸ்க் எதுவும் கிடைக்கல’ன்னு மட்டும் வரும். அதனால மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட் போய் 512 ஜிபி வாங்கிட்டு வந்தேன். பில்லோட கொடுத்ததால 480-ஐ அந்தக் கடையில திருப்பி எடுத்துக்கிட்டாங்க.

வாங்கப் போறப்ப உங்க லேப்டாப் மாடலைப் போட்டு எந்த ஸ்லாட்னு பாத்துட்டுப் போங்க. பழைய மாடல்னா 2.5 இன்ச் சாட்டா. புதுசுன்னா எம்.2, சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். 2280-ன்னு போட்டிருந்தா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். எம்.2-லயே சாட்டா, என்விஎம்இன்னு ரெண்டு ஜாதி உண்டு. பாக்க ஒண்ணு மாதிரி இருந்தாலும் ஒண்ணு போற ஸ்லாட்ல இன்னொண்ணு வேலை செய்யாமப் போகலாம். எம் சீரிஸ் சிப் வச்ச மேக்புக்னா இந்தப் பேச்சே வேண்டாம். ஸ்டோரேஜ் போர்டோட சேர்த்தே சால்டர் பண்ணியிருக்கும்.

மாத்துறது சொன்ன மாதிரி அரை மணி நேரம். ஷிஃப்ட்டை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் பண்ணினாதான் விண்டோஸ் முழுசா அணையும். சார்ஜரைக் கழட்டி, பின் மூடியைத் திறந்து, முதல்ல பேட்டரி கனெக்டரைப் பிடுங்கணும். ரப்பர் காலுக்கு அடியில ரெண்டு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கலாம். மூடி வரலன்னா பலம் காட்டாம அதைத் தேடுங்க. டிஸ்க்கைச் சுத்தியிருக்குற ஃப்ரேமைப் பழசுல இருந்து கழட்டி புதுசுல மாட்டணும். அவ்வளவுதான்.

இப்ப ரெஸ்டோர். மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் எடுத்து, 8 ஜிபி பென் டிரைவ்ல போட்டு, அதுல இருந்து ஆன் பண்ணி, ‘ரிப்பேர்’ பக்கம் போனா சிஸ்டம் இமேஜ் ரெகவரி இருக்கும். இங்க ரெண்டு இடத்துல ஆளுங்க மாட்டுறாங்க. இமேஜ் ஃபோல்டரோட பேரை மாத்தியிருந்தாலோ வேற ஃபோல்டருக்குள்ள தள்ளியிருந்தாலோ விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்காது. டிஸ்க்கைத் திறந்ததும் முதல் பக்கத்துலயே இருக்கணும். இன்னொண்ணு, பழைய விண்டோஸ் யுஇஎஃப்ஐல இன்ஸ்டால் ஆகியிருந்தா, பென் டிரைவையும் பூட் மெனுல யுஇஎஃப்ஐன்னு போட்டிருக்குற வரியிலதான் தேர்ந்தெடுக்கணும்.

நாப்பது நிமிஷத்துல அக்காவோட விண்டோஸ் திரும்ப வந்துச்சு, 14 மாசத்துக்கு முன்னாடி இருந்த அதே வால்பேப்பரோட. லாகின் பாஸ்வேர்டும் அன்னைக்கு இருந்ததுதான். அது ஞாபகம் வர அவங்களுக்கு ஒரு டீ தேவைப்பட்டுச்சு. விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமோன்னு கேட்டாங்க. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டை வச்சுதான், டிரைவ் மாத்தினா போகாது. கையெழுத்துக்கான டிஎஸ்சியும் யுஎஸ்பி டோக்கனுக்குள்ளதான் இருக்கு, டிஸ்க்ல இல்ல. அந்தப் பழைய விண்டோஸுக்கு மேல, முந்தின நாள் காப்பாத்தின டேலி ஃபோல்டர்களை வச்சோம். பழைய இமேஜ், புது டேட்டா. 14 மாசப் பழசுன்னு அந்த இமேஜைத் தூக்கிப் போட்டிருந்தா, பிரிண்டர்ல இருந்து ஒவ்வொண்ணா புதுசா இன்ஸ்டால் பண்ணியே ரெண்டு நாள் போயிருக்கும்.

ஹார்டுவேர் கடைக்கு வருவோம். அக்கா ஏப்ரல்ல ஆடிட்டருக்கு மெயில்ல ஒரு டேலி பேக்கப் அனுப்பியிருந்தாங்க, வருஷக் கணக்குக்காக. யாரும் அதைப் பேக்கப்னு நினைச்சு வைக்கல. அதை எடுத்துப் போட்டோம். மீதி மூணு மாசத்து விற்பனை பில் ஜிஎஸ்டி போர்ட்டல்ல ஏற்கெனவே ஏத்தின ஜிஎஸ்டிஆர்-1ல இருந்துச்சு. வாங்கின பில்லுக்கு 2பி ஸ்டேட்மெண்ட். ரெண்டு ராத்திரி உக்காந்து என்ட்ரி போட்டாங்க. 19ஆம் தேதி ஒன்பது ரிட்டர்னும் போயிடுச்சு.

இந்த மாதிரி தற்செயல் காப்பி காப்பாத்துறது பெரிய இடத்துலயும் நடக்கும். 2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்துல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸை அழிச்சுட்டாரு. அஞ்சு விதமா பேக்கப், ரெப்ளிகேஷன்னு வச்சிருந்தாங்க. தேவைப்பட்ட அன்னைக்கு எதுவும் ஒழுங்கா வேலை செய்யல. தினசரி பேக்கப் ஓட வேண்டிய கருவி, வெர்ஷன் பொருந்தாம ரொம்ப நாளா சத்தமில்லாம ஃபெயில் ஆகிக்கிட்டு இருந்திருக்கு. கடைசியில, ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி டெஸ்டிங்குக்காக ஒருத்தர் எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட்ல இருந்துதான் மீட்டாங்க. அதை யூட்யூப்ல லைவாவும் காட்டினாங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சது.

அக்கா இப்ப சனிக்கிழமை தோறும் டேலி ஃபோல்டரை எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்றாங்க. காப்பி பண்ணிட்டு, அந்தக் காப்பியில இருந்து ஏதாவது ஒரு கடையை அவங்க வீட்டுக்காரரோட லேப்டாப்ல திறந்து, அன்னைக்குப் போட்ட கடைசி பில் தெரியுதான்னு பாக்குறாங்க. அஞ்சு நிமிஷம். இமேஜ் மூணு மாசத்துக்கு ஒரு தடவை. எதுல எடுக்குறதுன்னு கேட்டா, மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டோட இலவசப் பதிப்பு நின்னுபோச்சு, பழைய வீடியோக்கள் இன்னும் அதையே சொல்லும். குளோன்ஸில்லா இலவசம், முகம் கொஞ்சம் கரடுமுரடா இருக்கும், வேலை சரியா செய்யும்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீங்க. ஏதோ ஒரு ஃபோல்டர் வரலன்னு ஒரு மாசம் கழிச்சுதான் தெரியும். தேதி எழுதி கவர்ல போட்டு வைங்க. அப்புறம் எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி தட்டு வழியா டிரில்லால ரெண்டு ஓட்டை. அடுத்த எபிசோட்ல போன் மாத்தும்போது வாட்ஸ்அப் சாட் எங்க காணாமப் போகுதுன்னு பாக்கலாம்.