விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஓர் இலைப் பாடம்



பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் பிள்ளைகளின் கை முதலில் தேடுவது செல்போனைத்தான். கொடுக்காதீர்கள் என்று சொல்வது எளிது. அதற்குப் பதிலாக வேறு எதைக் கொடுப்பது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காசு செலவில்லாத ஒரு பொருளை இம்மாதம் சொல்கிறோம்: இலை.

"ஒரு வேப்பிலை பறித்து வா" என்று பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். விளிம்பில் ரம்பப் பல் உள்ள சிறு இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டு வருவான். தாவரக் கணக்கில் அது சிற்றிலைதான். நடு ஈர்க்கோடு சேர்ந்த கொத்து முழுவதும்தான் ஓர் இலை. கண்டுபிடிக்க வழி உண்டு. இலைக்காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் சிறு மொட்டு இருக்கும். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில் அது இருக்காது. இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால் புளி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் பிள்ளைகள் தாங்களே சோதித்துப் பார்ப்பார்கள். தென்னையில் ஒரு மட்டை முழுவதும் ஒரே இலை. பாளை வருவதும் அதன் கக்கத்தில்தான். இதைக் கேட்டுப் பெரியவர்களே வியந்ததைப் பார்த்திருக்கிறோம்.

பறித்த இலைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்ததும் அட்டையில் ஒட்டலாம். அதுவரை பொறுக்காத சிறுவர்களுக்கு வண்ண மெழுகுக்குச்சி போதும். இலையின் அடிப்பக்கம் மேலே இருக்க வைத்து, மெல்லிய தாளைப் போர்த்தி, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் தாளில் எழும். பூவரசு இலையில் வலை போலவும், தென்னோலையில் பக்கம் பக்கமாக நேர்கோடுகளாகவும் வரும்.

நரம்பை மட்டும் தனியே எடுக்க அரச இலையே சிறந்தது. முற்றிய இலையைத் தண்ணீரில் ஊறவையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மூன்று, நான்கு வாரத்தில் சதைப்பகுதி அழுகிவிடும். (நாற்றம் வரும்; பாத்திரத்தை மாடியில் வைப்பது வீட்டு அமைதிக்கு நல்லது.) பழைய மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து அலசினால், சல்லடைத் துணி போல நரம்பு வலை மிஞ்சும். நரம்பில் மரத்தில் உள்ளதைப் போன்ற உறுதியான பொருள் இருப்பதால் அது எளிதில் அழுகுவதில்லை. வேரிலிருந்து வரும் தண்ணீர் இலை முழுவதும் பரவும் குழாய்கள் இவைதாம் என்று காட்டினால், தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் அறிந்தது: மருதாணி. பச்சை இலையை அரைத்தால் சிவப்பு எப்படி வருகிறது? அதில் லாசோன் என்ற சாயப்பொருள் உண்டு. தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தோடு அது ஒட்டிக்கொள்கிறது. தோலின் மேலடுக்கு உதிர உதிர, இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மறையும். நகத்திலோ வளர்ந்து வெட்டும்வரை நிற்கும். பெருநாள் நெருங்கும்போது கடையில் விற்கும் "கருப்பு மருதாணி"யை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் நிறம் இலை தருவதன்று. முடிச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் அதில் கலந்திருக்கக்கூடும். அதனால் கை கொப்பளித்து, தழும்பு விழுந்த பிள்ளைகள் உண்டு.

இலை பறிக்க அனுப்பும்போதும் எச்சரிக்கை வேண்டும். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல் ராதாவோ நன்னியோ கூடப் போவது நல்லது. மரத்தின் பெயரும் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அட்டையில் இலையை ஒட்டியதும், அதன் கீழே மரத்தின் பெயரையும், அது எந்தத் தெருவில், யார் வீட்டுக்கு எதிரே நிற்கிறது என்பதையும் பிள்ளைகள் எழுதட்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. நம் மஹல்லாவில் சாலையை அகலப்படுத்த அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற கணக்கு நம்மிடம் எழுத்தில் இல்லை. வெட்ட வேண்டாம் என்று மனுக் கொடுப்பதானால், எதை, எங்கே என்று சொல்லித்தானே கேட்க வேண்டும்? எனவே அட்டைகளைப் பள்ளி திறப்பதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். பட்டியலை நாங்கள் தொகுத்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ். அட்டைகளைப் பிள்ளைகளிடமே திருப்பித் தந்துவிடுவோம்.