பத்து நிமிஷ ஆஸ்கர்!

கௌபாய் படங்களின் ஹீரோக்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஜான் வெய்னின் நடை, க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் சுருட்டு என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கென்னவோ பக்கத்துக் குதிரையில் வருகிற ஆசாமிகள் மீதுதான் எப்போதும் ஒரு கண். முகமெல்லாம் புழுதி, மூன்று நாள் தாடி, மொத்தப் படத்துக்கும் நாலு வரி டயலாக். துப்பாக்கிச் சண்டை ஆரம்பித்தால் முதலில் சுருண்டு விழுவதும் இவர்கள்தான்.

அப்படிப் பக்கத்துக் குதிரையில் வந்த ஒருவர், 1972-ல் மேடையேறி ஆஸ்கர் வாங்கினார். பெயர் பென் ஜான்சன். (ஸியோல் ஒலிம்பிக்ஸில் ஊக்க மருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்ட பென் ஜான்சன் இல்லை. அவர் தன் காலால் ஓடியவர். இவர் குதிரையின் காலால் ஓடியவர்!)

1918-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஃபோரேக்கர் என்கிற குட்டி ஊரில் பிறந்தார். அப்பா பெயரும் பென் ஜான்சன்தான். மாட்டுப்பண்ணைக்காரர். ஓடுகிற காளையைக் கயிற்றுச் சுருக்கு வீசிப் பிடிப்பதில் சாம்பியன். பிள்ளைக்கும் அதே வேலை. நாள் முழுக்கக் குதிரை மேல் உட்கார்ந்து மாடு மேய்த்தால் ஒரு டாலர் கூலி.

1940-ல் ஹோவர்ட் ஹ்யூஸ் என்கிற கோடீஸ்வரர் ‘தி அவுட்லா’ என்று ஒரு படம் எடுக்கக் கிளம்பினார். அதற்குக் குதிரைகள் வேண்டும். ஒக்லஹோமாவில் வாங்கியாயிற்று. அவற்றைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் ஆள் வேண்டுமே? பென் ஜான்சன் கிளம்பினார். எல்லோரும் கனவுகளோடு ஹாலிவுட்டுக்குப் போவார்கள், இவர் குதிரைகளோடு போனார். அங்கே முதல் செக் முந்நூறு டாலர்! ஊரில் கிட்டத்தட்ட ஒரு வருஷக் கூலி. அதற்கப்புறம் என்னைத் தடியால் அடித்து விரட்டியிருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருக்க மாட்டேன் என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வாராம். அடுத்த வருஷமே சினிமாவுக்குக் குதிரை சப்ளை செய்பவரின் மகளைக் கல்யாணமும் செய்துகொண்டார். மாமனார் வீட்டிலும் குதிரை!

ஏழெட்டு வருஷம் டூப் வேலைதான். கேரி கூப்பர் குதிரையில் பறக்கிறார் என்று ரசிகர்கள் விசில் அடிப்பார்கள். பறந்தது இவராக இருக்கும். முகத்தைக் காட்டக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி.

1948-ல் வெளியான ‘ஃபோர்ட் அபாச்சி’ படத்தில் ஹென்றி ஃபாண்டாவுக்கு டூப். டைரக்டர் ஜான் ஃபோர்ட். கறுப்புக் கண்ணாடி போட்ட சிங்கம்! அவர் செட்டில் பெரிய ஸ்டார்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஷூட்டிங்கின்போது ஒரு வண்டியில் பூட்டியிருந்த குதிரைகள் மிரண்டு தறிகெட்டு ஓட ஆரம்பித்தன. வண்டிக்குள் மூன்று பேர். எல்லோரும் வாயைப் பிளந்து நிற்க, பென் ஜான்சன் தன் குதிரையை விரட்டிக்கொண்டு போய் அவற்றைப் பிடித்து நிறுத்திவிட்டார். உனக்குத் தக்க பரிசு உண்டு என்றார் ஃபோர்ட்.

இன்னொரு டூப் சான்ஸ் கிடைக்கும் என்றுதான் இவர் நினைத்தார். கைக்கு வந்ததோ ஏழு வருஷ நடிகர் ஒப்பந்தம். ஐந்தாவது வரி வரைக்கும் படித்தாராம். அதில் வாரத்துக்கு 5,000 டாலர் என்று இருந்தது. ஆறாவது வரியை எவன் படிப்பான்? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்! இந்தக் கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அப்புறம் ஏறுமுகம். 1949-ல் ‘மைட்டி ஜோ யங்’ படத்தில் இவர்தான் ஹீரோ. ஆனால் படத்தின் நிஜமான ஹீரோ ஒரு ராட்சத கொரில்லா. அதே வருஷம் ‘ஷி வோர் எ யெல்லோ ரிப்பன்’. இதில் சார்ஜென்ட் டைரியாக வருவார். துரத்தலில் குதிரையை விரட்டுகிற அழகைப் பாருங்கள். குதிரையும் ஆளும் ஒரே உடம்பாக ஓடும். 1950-ல் ‘வேகன் மாஸ்டர்’, ஃபோர்டுக்கே மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. அந்த வருஷமே ‘ரியோ கிராண்ட்’. அதில் இரண்டு குதிரைகளின் முதுகில் காலுக்கொன்றாக ஊன்றி, நின்றபடியே ஓட்டிக்கொண்டு வருவார். டூப் கிடையாது. டூப்புக்கு யார் டூப் போடுவது?

இந்த ‘ரியோ கிராண்ட்’ ஷூட்டிங்கில்தான் வந்தது வினை.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் பேச்சுவாக்கில் பென் ஜான்சன், இன்றைக்கு ஏகப்பட்ட குண்டு வெடித்தது, ஆனால் அதிகம் பேர் விழக் காணோமே என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிண்டலாகச் சொன்னார். ஃபோர்டின் காதில் விழுந்துவிட்டது. என்ன சொன்னாய் என்று அத்தனை பேர் முன்னாலும் அதட்டி, ஒரு வசவையும் சேர்த்தார். நம்மவர் எழுந்தார். ஃபோர்டு பக்கம் போய்க் குனிந்து, உங்கள் படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற அர்த்தத்தில், கொஞ்சம் காரமாகவே சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

படத்தை முடித்துக் கொடுத்தார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. ஆனால் ஃபோர்டிடமிருந்து அடுத்த அழைப்பு வர 1964-ல் வெளியான ‘செயேன் ஆட்டம்’ வரை ஆயிற்று. கிட்டத்தட்ட பதினான்கு வருஷம்! முப்பத்திரண்டு வயசில், தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய டைரக்டரைப் பகைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஹீரோ நாற்காலி காலி. மறுபடி பக்கத்துக் குதிரை. ஒரு வாய்ச்சொல்லுக்கு இது ரொம்ப அதிக விலை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

1953-ல் வந்த ‘ஷேன்’ படத்தில் அடியாள் வேஷம். சாது ஹீரோவின் சட்டையில் விஸ்கியைக் கொட்டி வம்புக்கு இழுத்து, பின்னால் வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொள்வார். கடைசியில் மனசு மாறி ஹீரோவை எச்சரிக்க வந்து நிற்பார். அந்த ஒரு நிமிஷத்தில் அவர் முகத்தில் தெரிகிற கூச்சத்தைப் பாருங்கள். நடிக்கத் தெரியாது என்று தன்னைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டது சுத்தப் பொய்!

அந்த வருஷம் அவர் செய்த இன்னொரு காரியம்தான் கூத்து. சினிமாவை மூட்டைகட்டி வைத்துவிட்டு ரோடியோ போட்டிகளுக்குக் கிளம்பிவிட்டார். அப்பாவைப் போல நாமும் சாம்பியன் ஆக முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். இரட்டையர் கயிறு வீச்சு என்று ஒரு பந்தயம். இரண்டு பேர் குதிரையில் துரத்துவார்கள். ஒருவர் காளையின் கொம்பில் சுருக்குப் போட வேண்டும். மற்றவர் ஓடுகிற காளையின் பின்னங்கால்களில் போட வேண்டும். விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். ஊர் ஊராகச் சுற்றி, 1953-ன் உலக சாம்பியன் பட்டத்தை ஜெயித்தே விட்டார்!

வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கையில் மூன்று டாலர்கூட இல்லையாம். மிச்சம் இருந்தது ஒரு ஓட்டைக் காரும், கோபமாக ஒரு மனைவியும்தான் என்பார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே, மறுபடி சினிமா.

அறுபதுகளில் சாம் பெக்கின்பா என்கிற முரட்டு டைரக்டரிடம் போய்ச் சேர்ந்தார். 1969-ல் ‘தி வைல்ட் பஞ்ச்’. கொள்ளைக்கூட்டத்துச் சகோதரர்களில் ஒருவராக ரத்தக்களரியில் புகுந்து விளையாடியிருப்பார். பெண்களோடு ஒயின் தொட்டியில் கும்மாளம் வேறு!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த வருஷம் பீட்டர் பாக்டனோவிச் என்கிற இளம் டைரக்டர் ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’ கதையோடு வந்தபோது இதே மனிதர் முடியாது என்றார். காரணம்? வசனத்தில் கெட்ட வார்த்தைகள். பெண்டுபிள்ளைகள் முன்னால் பேச முடியாத வார்த்தைகளைக் கேமரா முன்னாலும் பேச மாட்டாராம். தவிர, டயலாக் ரொம்ப நீளம். குதிரையும் கிடையாது!

பாக்டனோவிச் விடவில்லை. கிழச்சிங்கம் ஜான் ஃபோர்டிடமே போய் முறையிட்டார். ஃபோர்டு போன் போட்டார். ஆயுசு முழுக்க ஜான் வெய்னுக்கு எடுபிடியாகவே இருக்கப் போகிறாயா என்று ஒரு கேள்வி. எந்த மனுஷனால் ஹீரோ வாய்ப்பு போயிற்றோ, அவரே சிபாரிசு! கெட்ட வார்த்தைகளைத் தானே மாற்றிக்கொள்ளலாம் என்கிற நிபந்தனையோடு இவர் ஒப்புக்கொண்டார்.

டெக்ஸாஸில் ஒரு காய்ந்துபோன ஊர். அங்கே மூடப்போகும் ஒரு சினிமா கொட்டகை. அதன் முதலாளி ‘சாம் தி லயன்’ ஆக பென் ஜான்சன். 1971-ல் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம். குளத்தங்கரையில் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இருபது வருஷத்துக்கு முன்னால் இதே தண்ணீரில் தன்னோடு நீந்திய பெண்ணைப் பற்றி இரண்டு பையன்களிடம் சொல்வார். குரலை உயர்த்துவதில்லை, அழுவதில்லை. ஏதோ மாட்டுச்சந்தை விவரம் சொல்கிற மாதிரிச் சொல்வார். நமக்குத்தான் தொண்டை அடைக்கும். அத்தனைக்கும் அவர் திரையில் வருவது ஏறக்குறைய பத்தே நிமிஷம். பாதிப் படத்திலேயே சாம் செத்துப்போகிறார், அதுவும் திரைக்கு வெளியே. மீதிப் படம் முழுக்க அந்த ஊரில் என்னவோ குறைகிற மாதிரியே இருக்கும்.

சிறந்த துணை நடிகர் ஆஸ்கர். எதிர்ப் போட்டியாளர்களில் ஒருவர், அதே படத்தில் நடித்த ஜெஃப் பிரிட்ஜஸ். மேடையில் ஏறியவர், தான் சொல்லப்போவது உலகத்தில் பெரிய சர்ச்சையைக் கிளப்பும் என்று பீடிகை போட்டார். அப்புறம், என்னைவிட நல்ல ஆளுக்கு இது கிடைத்திருக்க முடியாது என்றார். ஒரே சிரிப்பு!

ரோடியோ உலகப் பட்டம், ஆஸ்கர் இரண்டையும் வாங்கியவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் யோசிக்காமல் ரோடியோ என்பார். ஹாலிவுட்டில் எல்லோரும் என்னைவிட நல்ல நடிகர்கள், ஆனால் பென் ஜான்சனாக நடிக்க என்னைவிட்டால் ஆள் கிடையாது என்பதும் அவர் சொன்னதுதான்.

சம்பளம் கூடியது. வேஷம் என்னவோ அதே ஷெரீப், அதே பண்ணைக்காரர். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் நடித்தார். குழந்தைகளுக்கு நிதி திரட்டக் கயிறு வீச்சுப் போட்டிகள் நடத்தினார். 1994-ல் மனைவி போய்விட்டார். குழந்தைகள் கிடையாது. அரிஸோனாவில் மெஸா என்கிற ஊரில், முதியவர்கள் குடியிருப்பு ஒன்றில் இருந்தார். அதே இடத்தில் அவர் அம்மாவும் இருந்தார், தொண்ணூறைத் தாண்டிய வயசில்.

1996 ஏப்ரல் 8-ம் தேதி அம்மாவைப் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயது 77. ஒக்லஹோமாவுக்கே கொண்டுபோய், பாஹஸ்கா ஊரில் அடக்கம் செய்தார்கள். கடைசியாக நடித்த ‘தி ஈவ்னிங் ஸ்டார்’ அந்த டிசம்பரில்தான் தியேட்டருக்கு வந்தது.