லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டுப் போகிறதா? பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

"சித்தி, மறுபடியும் போச்சு."

அக்கா மகள் போனில் இதைச் சொன்னபோது குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் நேர்காணல். 40 நிமிடத்தில் மூன்று முறை இணைப்பு அறுந்துபோனது. மூன்றாவது முறை அவள் திரும்ப உள்ளே வந்தபோது, எதிர்முனையில் இருந்தவர், "இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அதற்குள் நெட்டைச் சரிபண்ணிடுங்க" என்று முடித்துக்கொண்டார். அடுத்த வாய்ப்புக்கு 9 நாள் இருந்தது.

அந்த 9 நாளில் அவர்கள் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடப்பதுதான். இணையச் சேவைக்காரரை வரவழைத்தார்கள். அவர் தன் போனில் வேகத்தை அளந்து காட்டி, "எங்க லைன் ஓகே மேடம்" என்று கிளம்பிவிட்டார். லேப்டாப்பை சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, "போர்டுல பிரச்சினை, 8,500 ரூபாய் ஆகும்" என்றார்கள். ரவுட்டரையே மாத்திடலாமா என்று அக்கா என்னிடம் கேட்டார். கடைசியில் ஆன செலவு 200 ரூபாய்க்குள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன், யாரையும் கூப்பிடாமல், எதையும் கழற்றாமல் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

போனது வைஃபையா, நெட்டா?

நாம் எல்லாவற்றையும் சேர்த்து 'நெட் போச்சு' என்கிறோம். ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று, அதுதான் வைஃபை. ரவுட்டரிலிருந்து வெளியுலகம் வரை இன்னொன்று; அதுதான் நெட். எது அறுந்தது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் எல்லாம் குருட்டாம்போக்குதான்.

அடுத்த முறை இணைப்பு போகும் அந்த நிமிடத்தில், ரவுட்டரை அணைத்துப் போடும் ஆசையை அடக்கிக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, அதே வைஃபையில் இருக்கும் போன். அதில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். வைஃபையில் நெட் வராவிட்டால் போன் சத்தமில்லாமல் சிம்மின் டேட்டாவுக்கு மாறிவிடும். நாம் 'போன்ல நல்லாத்தானே வருது, லேப்டாப்தான் கெட்டுப்போச்சு' என்று முடிவுகட்டிவிடுவோம்.

இரண்டாவது, ரவுட்டரின் சொந்தப் பக்கம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 என்பது போல ஒரு முகவரி இருக்கும். அதை லேப்டாப்பின் பிரவுசரில் அடித்துப் பாருங்கள். இந்தப் பக்கம் திறக்க வெளி இணையம் தேவையில்லை. அது சட்டென்று திறந்தால் லேப்டாப்பும் வைஃபையும் நலம், கோளாறு லைனில். ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிகிறதா என்றும் பாருங்கள். எரிந்தால் ஒளியிழை வழியே சிக்னலே வரவில்லை என்று பொருள். லேப்டாப்பை விட்டுவிட்டு சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுங்கள். ரவுட்டரின் பக்கமும் திறக்கவில்லை, போனில் மட்டும் நெட் வருகிறது என்றால், சந்தேகம் லேப்டாப்பின் மீதும் அதைச் சுற்றியுள்ளவற்றின் மீதும் திரும்புகிறது.

எல்லாக் கருவிகளிலும் ஒரே நேரத்தில் போய், இரண்டு மூன்று நிமிடம் கழித்துத் தானாக வருகிறதா? ரவுட்டரே அணைந்து எழுகிறதோ என்னவோ. அதன் பக்கத்துக்குள் நுழைந்தால் 'அப்டைம்' என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்ற கணக்கு. நீங்கள் தொடாமலே அது 20 நிமிடம் என்று காட்டினால் பழைய பவர் அடாப்டரைச் சந்தேகப்படலாம். நாள்பட்ட அடாப்டர்கள் தேவையான மின்சாரத்தைத் தர முடியாமல் திணறும்; விளக்கு எரியும், ஆனால் வேலை கூடும்போது ரவுட்டர் விழுந்து எழும். இன்வெர்ட்டர் லைனில் இல்லாத ரவுட்டர் கண் இமைக்கும் நேர மின்வெட்டுக்கே அணைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போய் வந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

எப்போது, எங்கே போகிறது?

ஒரு தாளில் இரண்டு நாள் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குப் போனது, எந்த அறையில், சார்ஜரில் இருந்ததா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். வெட்டி வேலை போலத் தோன்றும். ஆனால் இந்தத் தாள் எந்த சர்வீஸ் கடைக்காரரிடமும் இல்லாத ஒன்று.

சார்ஜரைப் பிடுங்கினால்தான் போகிறது என்றால் மின்சிக்கன அமைப்பு. லேப்டாப்பை மூடித் திறந்த பிறகு என்றால் பெரும்பாலும் டிரைவர். பின் அறைக்குப் போனால் மட்டும் என்றால் சிக்னல் பலம். மாலை 7 மணிக்கு மேல் என்றால் அக்கம்பக்கத்து நெரிசல். மூடியை அசைத்தால் என்றால் கேபிள்.

அக்கா மகளின் தாளில் வேறொன்று இருந்தது. போன 11 தடவையும் அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் வைத்துப் படம் பார்க்கும்போது ஒரு தடவைகூடப் போகவில்லை. மேசைக்கும் கட்டிலுக்கும் ஆறடி தூரம்தான். ரவுட்டரும் அதே அறைக்கு வெளியேதான் இருந்தது.

காற்றில் இருக்கும் நெரிசல்

வீட்டு வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது சுவர்களைத் தாண்டி தூரம் போகும். ஆனால் அது சந்தைக்கடை. அதில் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். 20 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் 20 ரவுட்டர்களும் இந்த மூன்றுக்குள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. புளூடூத் ஹெட்போன், வயர்லெஸ் மவுஸ் எல்லாம் இதே பாதையில்தான். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில். சாம்பாரைச் சூடாக்கும் இரண்டு நிமிடம் மட்டும் வீடியோ கால் திக்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம்; ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். உங்கள் ரவுட்டரில் இரண்டும் இருந்தால், ரவுட்டர் இருக்கும் அறையிலோ அடுத்த அறையிலோ வேலை செய்பவர்கள் 5-க்கு மாறிவிடுவதே உத்தமம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், சிக்னல் இரண்டுங்கெட்டானாக இருக்கும் இடத்தில் லேப்டாப் இதற்கும் அதற்குமாகத் தாவிக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு தாவலிலும் ஓரிரு நொடி இணைப்பு தடுமாறும். ரவுட்டரின் பக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்துவிட்டு, லேப்டாப்பை ஒன்றில் மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களை வானிலை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அந்தச் சேனல்களில் ஓடும் ரவுட்டர், ரேடார் சிக்னல் என்று எதையாவது உணர்ந்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அப்போது எல்லாக் கருவிகளும் ஒரு கணம் அறுந்து திரும்பச் சேரும். இப்படி நடப்பதாகத் தோன்றினால் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 36 அல்லது 40 என்று நிலையாக வைத்துப் பார்க்கலாம்.

மேசையில் என்ன இருந்தது?

அக்கா வீட்டு ரவுட்டர் 2.4 மட்டும் உள்ள பழைய ரகம். மேசையில் லேப்டாப்பின் இடது பக்கம் ஒரு யூஎஸ்பி ஹப் செருகியிருந்தது. அதில் வெப்கேம், வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க். "மவுஸும் அப்பப்போ திக்குது சித்தி, அது பேட்டரின்னு நினைச்சேன்" என்றாள். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

யூஎஸ்பி 3.0 கருவிகள் தகவலை நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் அனுப்புகின்றன. அந்த வேகத்தில் கேபிளும் இணைப்பு முனையும் கசியவிடும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பரவுகிறது. இது யாரோ கிளப்பிவிட்ட கதையல்ல. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. பக்கத்தில் யூஎஸ்பி 3.0 கருவி இயங்கும்போது வயர்லெஸ் மவுஸ் போன்றவை தடுமாறுவதை அது அளந்து காட்டியது. கேபிளின் உலோக உறை தரமாக இல்லாவிட்டால் கசிவு இன்னும் மோசம். வைஃபை ஆன்டெனாவோ லேப்டாப்புக்குள்ளேயே, சில அங்குலத்தில் இருக்கிறது. நம் காதுக்குப் பக்கத்தில் மிக்ஸி ஓடும்போது வாசலில் கூப்பிடுபவர் குரல் கேட்காதே, அதே கதைதான். ரவுட்டர் கூப்பிடுகிறது; லேப்டாப்புக்குக் கேட்கவில்லை.

சேவைக்காரர் அளந்தது போனில். கடைக்குப் போனது ஹப் இல்லாத லேப்டாப். இருவரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'போர்டு' என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஹப்பைப் பிடுங்கிவிட்டு அதே மேசையில் இரண்டு மணி நேரம் வீடியோ கால் ஓடவிட்டோம். ஒரு தடவைகூடப் போகவில்லை. திரும்பச் செருகி, ஹார்ட் டிஸ்க்கில் பெரிய ஃபைல் ஒன்றை நகலெடுக்கத் தொடங்கினோம். சில நிமிடத்திலேயே திணற ஆரம்பித்தது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார், மறுபடி பழையபடி வைத்துப் பார் என்ற இந்த முறை எந்தப் பழுதுக்கும் பொருந்தும்.

லேப்டாப்புக்குள் பார்க்க வேண்டியவை

உங்கள் மேசையில் ஹப் எதுவும் இல்லையா? அப்படியானால் விண்டோஸில் முதலில் மின்சிக்கன அமைப்பு. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பட்டியலில் வைஃபை கார்டின் பெயரை இருமுறை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் என்ற தாவலுக்குப் போங்கள். மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்ற வரிக்கு முன் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்தத் தாவலே இருக்காது. இல்லையென்றால் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது டிரைவர். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாளிலிருந்து தொல்லை என்றால், அதே இடத்தில் டிரைவர் தாவலில் 'ரோல் பேக்' கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம். பல மாதமாகவே தொல்லை என்றால், லேப்டாப் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான புதிய வைஃபை டிரைவரை இறக்கிப் போடுங்கள். 'டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம்' என்று விளம்பரம் போடும் இலவசச் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம்.

கடைசியாக செட்டிங்ஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. இது நெட்வொர்க் அமைப்புகளைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும், அலுவலக விபிஎன் இருந்தால் அதன் அமைப்பும் போய்விடலாம். எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கடைக்குப் போகும் முன்

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பல லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கிறது; அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாக இறங்கி, உள்ளே இருக்கும் வைஃபை கார்டில் சேர்கின்றன. ஆண்டுக்கணக்கில் திறந்து மூடியதில் வயர் நைந்துபோகலாம். ஸ்கிரீன் மாற்றவோ கீல் சரிசெய்யவோ திறந்தவர், கார்டின் மீது அந்த வயரைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கலாம். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முழுசாக வந்து, பத்தடி நகர்ந்தால் அடியோடு விழும் சிக்னல் இதற்கு நல்ல அடையாளம்.

இன்னொரு சோதனை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். நாள் முழுக்க அது ஒழுங்காக ஓடினால் குற்றவாளி உள்ளே இருக்கும் கார்டோ, ஆன்டெனாவோ, அதன் டிரைவரோதான். பல மாடல்களில் அந்தக் கார்டு தனியாகக் கழற்றி மாற்றக்கூடியது; சிலவற்றில் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். ஆகவே கடைக்காரர் 'போர்டு' என்றால், "கார்டு தனியா இருக்கா? மாத்திப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். புதுக் கார்டு வாங்கினாலும் கவனம்: இன்டெல் ஏஎக்ஸ்201 போன்றவை குறிப்பிட்ட இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்களில்தான் வேலை செய்யும். அதே வடிவில் இருக்கும் ஏஎக்ஸ்210-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அக்கா மகளுக்கு நாங்கள் வாங்கியது ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண யூஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள். ஹப் இப்போது மேசையின் மறுகோடியில் இருக்கிறது. கேபிள் பழைய ரகம் என்பதால் ஹப்பும் பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. இரைச்சல் போய்விட்டது, மவுஸுக்கும் வெப்கேமுக்கும் அந்த வேகமே தாராளம். ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுப்பது மட்டும் ஆமை வேகம், அதை இரவில் செய்துகொள்கிறாள். இரண்டாவது நேர்காணல் 50 நிமிடம் நடந்தது. பாதியில் கரண்ட் போனது. ரவுட்டரை முதல் நாளே இன்வெர்ட்டர் பிளக்குக்கு மாற்றியிருந்தோம்.